கைப்பேசிக்கு யார் ஜாமீன்? – எழும்பூர் தாம்பரம் டிக்கெட் முதல் பார்ஓஎஸ் வரை



பி.காம். படிக்கிறவனுக்கு இயங்குதளத்தோடு என்னடா வேலை என்று வகுப்பில் உள்ளவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நானும் ஆராய்ச்சி செய்யலாம் என்று கிளம்பி இதற்குள் வரவில்லை. தேர்வுக் கட்டணம் கட்டப் போய் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் பழைய கைப்பேசி ஒன்று சும்மா கிடந்தது. தயாரித்த நிறுவனம் அதற்குப் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திப் பல நாள் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இணையத்தில் படித்துப் படித்து, அதில் லீனியேஜ்ஓஎஸ் என்ற திறமூல இயங்குதளத்தை ஏற்றினேன். கூகுள் கணக்கு இல்லை, கூகுள் செயலி ஒன்றுகூட இல்லை. போன் புதுசு போல ஓடியது. இரண்டு வாரம் ஒரே பெருமை.

அப்புறம் கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்தது. வங்கிச் செயலியைத் திறந்தேன். இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தாலும் அதே வரி. என் கணக்கு சரி, என் பணம் சரி, என் கடவுச்சொல் சரி. போன் மட்டும் சரியில்லையாம்! கடைசியில் நண்பன் ஒருவன் தன் போனிலிருந்து கட்டினான். அவனுக்கு ஒரு டீயும் இரண்டு சமோசாவும் செலவு.

வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார்: "டேய், பேங்க்காரன் உன்ன நம்பலையா, உன் போன நம்பலையா?"

சிரிப்புக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கட்டுரையே வந்தது. மனிதரை நம்புவதிலிருந்து போனை நம்புவதற்கு நாம் எப்போது மாறினோம்? அந்தப் போனுக்கு ஜாமீன் கொடுப்பது யார்? இந்த வரலாற்றில் நம் தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் கிண்டிக்கும் பங்கு உண்டு என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாருங்கள், பார்ப்போம்.

பெயர் கேட்காத டிக்கெட்

அப்பா பாரிமுனையில் வேலை பார்த்தவர். தாம்பரத்தில் ஏறி கடற்கரையில் இறங்கி, இருபது வருடத்துக்கு மேல் அதே ரயில். அவருடைய பழைய டைரிக்குள் இன்னும் சில அட்டை டிக்கெட்டுகள் இருக்கின்றன. தடித்த சின்ன அட்டை. அதில் ஊர்ப்பெயர், கட்டணம், வரிசை எண். அவ்வளவுதான்.

இந்த வகை அட்டை டிக்கெட்டைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் எட்மண்ட்சன். நியூகாசில் – கார்லைல் ரயில்பாதையில் நிலைய அதிகாரியாக இருந்தவர். 1830-களின் பிற்பகுதியில் இதை உருவாக்கினார். அதுவரை டிக்கெட்டைக் கையால் எழுதித்தான் கொடுத்தார்கள். வரிசை எண் அச்சிட்ட அட்டை வந்ததும், காலையில் எந்த எண்ணில் தொடங்கி மாலையில் எந்த எண்ணில் முடிந்தது என்று பார்த்தால் விற்பனைக் கணக்கு தெரிந்துவிடும். எழுத்தர் ஏமாற்ற முடியாது. கணக்குப்பதிவியல் படிப்பவர்கள் கவனிக்கவும்: அந்த வரிசை எண் கண்காணித்தது எழுத்தரைத்தான், பயணியை அல்ல. பயணியின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. சீசன் டிக்கெட்டுக்குப் பெயரும் வயதும் கேட்பார்கள், உண்மைதான். ஆனால் ஒருமுறை போய்வர டிக்கெட் எடுப்பவர் யாரென்று ரயில்வேக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதிலிருந்து பல பத்தாண்டுகள் இந்தப் பாதையில் கோடிக்கணக்கான பயணங்கள் இப்படிப் பெயரில்லாமலே நடந்தன.

பிறகு 2015 ஏப்ரல் 22. அன்று அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு, முன்பதிவில்லாத பயணத்துக்குக் காகிதமில்லா டிக்கெட் தரும் கைப்பேசிச் செயலியைத் தொடங்கிவைத்தார். சோதனை முயற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தடம் எது தெரியுமா? நம் சென்னை எழும்பூர் – தாம்பரம் புறநகர்ப் பாதைதான்!

வரிசையில் நிற்க வேண்டாம், சில்லறை வேண்டாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட்டின் தன்மை மாறிவிட்டது. கைப்பேசி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ரயிலில் ஏறிவிட்டு, பரிசோதகரைக் கண்டதும் டிக்கெட் எடுப்பதைத் தடுக்க, போன் இருக்கும் இடத்தைச் செயலி பார்க்கும். எடுத்த டிக்கெட்டை வேறு போனுக்கு அனுப்பிக் காட்ட முடியாது, எடுத்த போனிலேயே காட்ட வேண்டும். அட்டை டிக்கெட் யார் கையில் இருந்தாலும் டிக்கெட்தான். புது டிக்கெட் போனோடு கட்டப்பட்டது. 2025 ஜூலை 1-ல் ரயில்ஒன் என்ற செயலி வந்து, முன்பதிவு உட்பட எல்லா வேலைகளையும் ஒரே இடத்தில் சேர்த்தது. ரயில்வே மேல் இதில் தப்பு எதுவும் இல்லை. டிக்கெட்டில்லாப் பயணத்தைத் தடுக்க ஏதோ ஒரு சோதனை தேவைதான். நான் சொல்ல வருவது இதுதான்: முன்பு பயணிக்குச் சட்டைப்பையில் காசு இருந்தால் போதும். இப்போது செயலி ஓடக்கூடிய ஒரு போனும் வேண்டும்.

அந்தச் செயலி எந்தப் போனில் ஓடும், எதில் ஓடாது என்பதை முடிவு செய்வது யார்? இங்கேதான் ஆண்ட்ராய்டின் கதை வருகிறது.

திறந்த வீடு, பூட்டிய கடை

2005-ல் ஆண்ட்ராய்டு என்ற சிறு நிறுவனத்தை கூகுள் வாங்கியது. 2007 நவம்பரில் கைப்பேசித் தயாரிப்பாளர்கள் பலரைச் சேர்த்து ஒரு கூட்டணி அறிவித்தார்கள். 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் அடிப்படை மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வெளியிடலாம். உலகமே அதன் பின்னால் போனதற்கு அந்தச் சுதந்திரம் ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சுதந்திரத்தை அப்படியே நம்பியவர்களில் ஒருவர் அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கோண்டிக். ஆண்ட்ராய்டை மேம்படுத்தி சயனோஜென்மாட் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார். 2009 செப்டம்பரில் அவருக்கு கூகுளிடமிருந்து கடிதம் வந்தது. ஆண்ட்ராய்டை மாற்றுவதில் தடையில்லை, ஆனால் ஜிமெயில், யூடியூப், வரைபடம், செயலிச் சந்தை ஆகியவை திறமூலம் அல்ல, அவற்றைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டப்படி சரிதான். ஆனால் வீடு திறந்திருக்கிறது, வீட்டுக்குள் இருக்கும் மளிகைக்கடைக்கு மட்டும் பூட்டு என்பது அன்றுதான் எல்லோருக்கும் புரிந்தது. கோண்டிக் குழு அந்தச் செயலிகளை எடுத்துவிட்டுத் தொடர்ந்தது.

மாற்றுக் கடைகளும் முளைத்தன. 2010-ல் சியாரன் குல்ட்நீக்ஸ் என்பவர் எஃப்-டிராய்டு தொடங்கினார். திறமூலச் செயலிகள் மட்டும் கிடைக்கும் இடம் அது. கணக்கு வேண்டாம், பெயர் வேண்டாம். என் பழைய போனில் நான் முதலில் ஏற்றியதும் அதைத்தான்.

ஆனால் பூட்டு இன்னும் இறுகியது. 2012 முதல் கூகுள் பிளே சர்வீசஸ் என்ற பின்னணி மென்பொருள் பரவியது. செய்தி வந்ததும் மணி அடிக்க வைப்பது, போன் இருக்கும் இடத்தைச் சொல்வது, வரைபடம் காட்டுவது போன்ற பொது வேலைகள் ஒவ்வொன்றாக அதற்குள் போயின. செயலி எழுதுபவர்களுக்கு அது சுலபம், அதனால் எல்லோரும் அதையே பயன்படுத்தினார்கள். விளைவு, கூகுள் இல்லாத போனில் கூகுளுக்குச் சம்பந்தமே இல்லாத செயலிகளும் நொண்டத் தொடங்கின. ஜெர்மனியைச் சேர்ந்த மார்வின் விஸ்ஃபெல்ட் அதற்கு மாற்றாக மைக்ரோஜி என்ற திறமூல மென்பொருளை எழுதினார். கூகுள் செய்யும் அதே பதிலை, கூகுள் இல்லாமல் செயலிகளுக்குத் தருவதுதான் அதன் வேலை.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. சயனோஜென் நிறுவனமாக மாறிய பிறகு, 2014 டிசம்பரில் மைக்ரோமேக்ஸ் தன் யூ வரிசையில் யுரேகா என்ற போனை 8,999 ரூபாய்க்கு அறிவித்தது. அதில் இயங்கியது சயனோஜென். இந்தியாவில் அந்த இயங்குதளம் எங்களுக்கு மட்டும்தான் என்று ஒன்பிளஸ் நிறுவனத்துக்கு எதிராக மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய் இடைக்காலத் தடை வாங்கியது. பிறகு அந்தத் தடை விலக்கப்பட்டது. ஒரு இலவச மென்பொருளுக்காக இரண்டு நிறுவனங்கள் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன! இவ்வளவு சண்டைக்குப் பிறகு 2016 டிசம்பர் 31-ல் சயனோஜென் தன் சேவைகளை நிறுத்தியது. அதன் மூலநிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் தொடர்ந்ததுதான் லீனியேஜ்ஓஎஸ். அதாவது, என் மேசை மேல் கிடக்கும் போனில் ஓடுவது 2009-ல் கடிதம் வாங்கிய அந்த மரபின் வாரிசு.

கூகுள் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெரிய அளவில் காட்டியது ஹுவாவே. 2019 மே மாதம் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தை வர்த்தகத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த மேட் 30 போன்களில் ஆண்ட்ராய்டு இருந்தது, கூகுள் இல்லை. உலகின் மிகப் பெரிய கைப்பேசி நிறுவனங்களில் ஒன்றுக்கே அந்த நிலை என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

குரோம்பேட்டையிலிருந்து கிண்டி வரை

நம்மூரில் சொந்த இயங்குதளம் என்ற பேச்சு பார்ஓஎஸ்ஸுக்கு முன்பே தொடங்கியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து நடத்தியது திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம். அந்த முயற்சியில் சி-டாக் உருவாக்கியதுதான் பாஸ் லினக்ஸ். 2007-ல் வெளியானது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

எங்கள் தெருவில் அந்த மடிக்கணினி வாங்கிய அக்கா ஒருவரிடம் கேட்டேன். "ஆமாம்பா, ஆன் பண்ணா ரெண்டு பேர் வரும், நாங்க விண்டோஸ்தான் அமுக்குவோம்" என்றார். அந்த ஒரு பதிலில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. இயங்குதளத்தை இலவசமாகக் கையில் கொடுத்தாலும், மக்கள் தினசரி பயன்படுத்தும் மென்பொருள் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் போவார்கள். குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. யாரும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவதற்காகப் போன் வாங்குவதில்லை, செயலிகளுக்காகத்தான் வாங்குகிறோம்.

இதற்கிடையே சட்டத்தின் பக்கம் இரண்டு பெரிய விஷயங்கள் நடந்தன.

முதலாவது, 2017 ஆகஸ்ட் 24. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2023-ல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

இரண்டாவது, 2022 அக்டோபர் 20. ஆண்ட்ராய்டு சந்தையில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற செயலிகளையும் சேர்த்தே போனில் வைக்க வேண்டும், மாற்றி எழுதிய ஆண்ட்ராய்டுப் போன்களை விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்தங்கள்தான் வழக்கின் மையம். புகார் கொடுத்தவர்கள் பெரிய நிறுவனத்தார் அல்ல. மூன்று இளைஞர்கள், அதில் ஒருவர் சட்டம் படித்த மாணவர்! 2023 ஜனவரி 19-ல் உச்ச நீதிமன்றமும் அந்த ஆணையை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில கட்டளைகளை நீக்கியது, அபராதத்தை உறுதிசெய்தது.

அந்த ஜனவரியில்தான் பார்ஓஎஸ் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் பிரவர்தக் அறக்கட்டளையில் வளர்த்தெடுக்கப்பட்ட ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனம் அதை உருவாக்கியது. ஐ.ஐ.டி. இயக்குநர் காமகோடி முன்னிலையில் அறிமுகம் நடந்தது. 2023 ஜனவரி 24-ல் மத்திய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மறுநாளே, இந்தியாவில் தயாரிப்பாளர்கள் தன் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெற்றுப் போனில் வைக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. போட்டி ஆணையத்தின் உத்தரவுதான் அதற்குக் காரணம் என்றாலும், இரண்டும் அடுத்தடுத்த நாளில் நடந்தது சுவாரசியமான பொருத்தம்.

பார்ஓஎஸ்ஸின் சிறப்பாகச் சொல்லப்பட்டவை இரண்டு. ஒன்று, வாங்கும்போதே போனில் திணிக்கப்பட்ட செயலிகள் எதுவும் இருக்காது. எதை வைப்பது என்று பயன்படுத்துபவர் முடிவு செய்வார். இரண்டு, பாஸ் என்ற தனிச் செயலிச் சேவை. ஒரு நிறுவனம் சோதித்து ஏற்றுக்கொண்ட செயலிகளை மட்டும் அதன் ஊழியர்கள் அங்கிருந்து எடுப்பார்கள். (குரோம்பேட்டை பாஸ் வேறு, கிண்டி பாஸ் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்!) ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்காகத்தான் இது முதலில் திட்டமிடப்பட்டது.

அப்போது இதை உள்நாட்டுத் தயாரிப்பு என்று கொண்டாடியவர்களும் உண்டு, ஆண்ட்ராய்டின் திறமூலத்திலிருந்து வந்ததுதானே என்று கிண்டலடித்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு பேருமே முக்கியமான கேள்வியை விட்டுவிட்டார்கள். மூலநிரல் எங்கிருந்து வந்தால் என்ன? அதில் என் வங்கிச் செயலி ஓடுமா? என் ரயில் டிக்கெட் ஓடுமா? தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் பார்ஓஎஸ் போட்ட போனை நான் இதுவரை பார்த்ததில்லை. மடிக்கணினியில் கற்ற அதே பாடம்தான் இங்கும்.

தணிக்கையாளரே பங்காளியானால்?

சரி, என் வங்கிச் செயலி ஏன் மறுத்தது? இப்போது அதற்கு வருவோம்.

பணம் கையாளும் செயலிகள் பலவும் திறக்கும்போது கூகுளிடம் ஒரு சான்றிதழ் கேட்கின்றன. இந்தப் போன் மாற்றப்படாத போனா, நீங்கள் ஒப்புதல் தந்த இயங்குதளம்தான் ஓடுகிறதா என்று. முன்பு அதற்கு சேஃப்டிநெட் என்று பெயர். இப்போது அதன் இடத்தில் இருப்பது பிளே இன்டெக்ரிட்டி. சில செயலிகள் தாங்களே சில சோதனைகளும் செய்யும். பதில் திருப்தியாக இல்லையென்றால் கதவு சாத்தப்படும்.

வங்கியின் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லீனியேஜ்ஓஎஸ் ஏற்றுவதற்காக என் போனின் பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டை நான்தான் திறந்தேன். போன் யார் கையிலாவது சிக்கினால் அவர்களும் இயங்குதளத்தை மாற்ற முடியும். தினமும் எத்தனை பேர் கைப்பேசி மோசடியில் பணத்தை இழக்கிறார்கள் என்று செய்தித்தாள் பார்க்கிற யாருக்கும் தெரியும். ஆகவே என் போனை மறுத்ததை நான் பெரிய அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கிராஃபீன்ஓஎஸ் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் 2014 வாக்கில் தொடங்கிய காப்பர்ஹெட்ஓஎஸ் முயற்சியிலிருந்து பிரிந்து, 2019-லிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. இது வளர்ந்தது கூகுளின் பிக்சல் போன்களில்தான். கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுளிடமே போன் வாங்க வேண்டும் என்பது தனி வேடிக்கை. அதை ஏற்றிய பிறகு தொடக்கப் பூட்டைத் திரும்பவும் பூட்டலாம். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உடனுக்குடன் வருகின்றன. 2021-ல் ஒரு நல்ல வழியையும் கண்டுபிடித்தார்கள்: கூகுள் பிளே சர்வீசஸைச் சிறப்பு அதிகாரம் எதுவும் இல்லாமல், மற்றச் செயலிகளைப் போல ஒரு சாதாரணச் செயலியாக ஓடவிடுவது. அனுமதி கொடுத்தால்தான் இடம் தெரியும், கொடுத்தால்தான் தொடர்பு எண்கள் தெரியும். இதனால் பெரும்பாலான செயலிகள் ஓடுகின்றன. இருந்தும், அடிப்படை நிலைக்கு மேலான சான்றிதழை பிளே இன்டெக்ரிட்டி அதற்குத் தருவதில்லை, காரணம் அது கூகுள் ஒப்புதல் பெற்ற தளம் அல்ல. ஆனால் பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பே வராத ஒரு பழைய போன், பூட்டு திறக்கப்படாமல் இருந்தால் அதே தேர்வில் தேறிவிட முடியும்.

அப்படியானால் சான்றிதழ் எதை அளக்கிறது? பாதுகாப்பையா, ஒப்புதலையா?

இங்கேதான் பி.காம். உதவிக்கு வந்தது. தணிக்கைப் பாடத்தில் நாம் முதலில் படிப்பது தணிக்கையாளரின் சுதந்திரம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 141-வது பிரிவு, நிறுவனத்தோடு வணிக உறவு வைத்திருப்பவர் அந்த நிறுவனத்துக்குத் தணிக்கையாளராக இருக்கக் கூடாது என்கிறது. காரணம் எளிது. ஆதாயம் உள்ளவர் போடும் கையெழுத்தை நம்ப முடியாது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்த இடத்தில் அவர் உட்காரக் கூடாது.

இப்போது கைப்பேசிச் சந்தையைப் பாருங்கள். இயங்குதளம் கூகுளுடையது. கடை கூகுளுடையது. விளம்பர வருமானம் கூகுளுடையது. 2017 செப்டம்பரில் தேஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று கூகுள் பே என்று அழைக்கப்படும் யுபிஐ செயலியும் அவர்களுடையது. போட்டி இயங்குதளம் நம்பத் தகுந்ததா என்று சான்றிதழ் தருவதும் அவர்களே! பங்காளியே தணிக்கையாளர். கூகுள் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் அவர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பது சரியல்ல என்கிறேன்.

வேறு வழியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலேயே, போனின் சில்லு போடும் மின்கையெழுத்தை வைத்து எந்த இயங்குதளம் ஓடுகிறது, பூட்டு பூட்டியிருக்கிறதா என்பதைச் செயலி நிறுவனமே சரிபார்க்க முடியும். எந்தத் தளங்களை ஏற்பது என்ற பட்டியலை வங்கி தானே போட்டுக்கொள்ளலாம். நல்லதைச் சேர்க்கலாம், என் பழைய போனைப் போன்றதை விலக்கலாம். கொஞ்சம் வேலை அதிகம், அவ்வளவுதான்.

அன்றாட வாழ்க்கை எப்படி?

இந்தப் போனோடு சில மாதங்கள் வாழ்ந்ததை வைத்துச் சொல்கிறேன். தமிழ் விசைப்பலகைக்குக் குறைவில்லை. சிக்னல் அருமையாக ஓடுகிறது. வாட்ஸப்பை அவர்களுடைய தளத்திலிருந்தே நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். வழி தேடுவதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகள் இருக்கின்றன. கிழக்குத் தாம்பரத்துச் சந்துகள்கூட அதில் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் கடைகளின் பெயர்கள் குறைவு. செயலி பிளே ஸ்டோரில் மட்டும் இருந்தால், அரோரா ஸ்டோர் வழியாகச் சொந்தக் கணக்கில்லாமல் எடுக்கலாம். பின்னணியில் கூகுள் இல்லாததால் சில செயலிகளின் அறிவிப்புகள் தாமதமாக வரும், சிலது வரவே வராது. வங்கிச் செயலி மட்டும் இன்றுவரை கல்தான். அதற்காக இன்னொரு சாதாரணப் போனையும் வைத்திருக்கிறேன். இரண்டு போன் வைத்துக்கொள்ள முடிந்தவனுக்குத்தான் தனியுரிமை என்றால் அது உரிமையா, வசதியா?

இதில் ஒரு முரணைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2022 மார்ச் 8-ல் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த சக்திகாந்த தாஸ், யுபிஐ 123பே என்ற சேவையைத் தொடங்கிவைத்தார். செயலியோ இணையமோ இல்லாத சாதாரண பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பலாம். நல்ல திட்டம். கோடிக்கணக்கான எளிய மக்களை மனதில் வைத்துச் செய்தது. அதாவது, மனசு வைத்தால் எந்தப் போனுக்கும் வழி உண்டாக்க முடியும் என்று நம் நாடே நிரூபித்திருக்கிறது. பட்டன் போனை நம்ப ஒரு வழி கண்டுபிடித்தவர்களால், பூட்டிய, புதுப்பித்த, கூகுள் முத்திரை மட்டும் இல்லாத போனை நம்பவும் ஒரு வழி கண்டுபிடிக்க முடியாதா?

கூகுள் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, புதிய போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி செயலியைக் கட்டாயம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. தொலைந்த போனைத் தடுக்க உதவும் பயனுள்ள செயலிதான் அது. ஆனால் பயனுள்ளதா என்பது ஒரு கேள்வி, என் போனில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைக்கக் கூடாது.

முடிவாக...

அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. வங்கி என்னையும் நம்பவில்லை, என் போனையும் நம்பவில்லை. எங்கள் இருவருக்கும் மூன்றாவது ஒருவர் ஜாமீன் கொடுக்கிறாரா என்று பார்த்தது. அந்த மூன்றாவது ஆள் ஒருவர் மட்டுமே இருப்பதுதான் சிக்கல். புதிய இயங்குதளம் எழுதுவதால் மட்டும் இது தீராது. குரோம்பேட்டையில் எழுதினார்கள், கிண்டியிலும் எழுதினார்கள், திறமைக்குக் குறைவே இல்லை. ரயில்வேயும் வங்கிகளும் அரசுத் துறைகளும் தங்கள் செயலிகளை ஒரே ஒரு நிறுவனத்தின் முத்திரைக்குக் கட்டிப்போடாமல் இருந்தால்தான் அந்த இயங்குதளங்கள் பிழைக்கும். செயலி இல்லாதவருக்கு ஒரு கவுன்டரும் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

போன வாரம் தாம்பரம் நிலையத்தில் வேண்டுமென்றே வரிசையில் நின்று, காசு கொடுத்துக் காகித டிக்கெட் எடுத்தேன். கடற்கரைக்கு ஒன்று. கவுன்டரில் இருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, என் போனையும் கேட்கவில்லை. சில்லறை மட்டும்தான் கேட்டார்.

உங்கள் போனில் எந்தச் செயலி எதற்காக மறுத்தது, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கணினி படிக்கும் நண்பர்கள் தவறு கண்டால் திருத்தவும். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.